50 கிராம் ரவையும் 449 ரூபாய்த் தராசும்

வணக்கம் மக்களே! கையில் காபி டம்ளரைக் காணோமே என்று தேடாதீர்கள், இன்றைக்கு அடுப்பு காலியாக இல்லை. கிச்சடி கிண்டப் போகிறேன். சிரிக்கிறது எனக்குக் கேட்கிறது. ஆமாம், "உப்புமா சாப்பாடு இல்லை, தண்டனை" என்று பதினாறு நிமிஷம் பேசி வீடியோ போட்டவள் நான்தான். கிச்சடி என்றால் மஞ்சள் பூசிய உப்புமா என்று சொன்னவளும் நான்தான். அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வரவில்லை.

எல்லாம் அக்கா மகனால் வந்தது. நம்ம பொடியன்தான், மூன்றாம் வகுப்பு. அரைப் பரீட்சை லீவுக்கு இங்கே வந்தவன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எட்டே காலுக்கு டாண் என்று தட்டோடு உட்கார்ந்தான். தோசை வைத்தேன். "செவ்வாய்க்கிழமை கிச்சடிதானே சித்தி?" என்கிறான்! பாளையங்கோட்டையில் அவன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே காலையில் சாப்பாடு போடுகிறார்கள், செவ்வாய்க்கிழமை என்றால் கிச்சடி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் 1,545 அரசுப் பள்ளிகளுக்காக ஆரம்பித்தது. மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும் வந்தன. 2024-ல் கிராமத்து உதவி பெறும் பள்ளிகள். நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு முறை வந்தது 2025 ஆகஸ்ட் 26-ல்தான். நாலே மாதத்தில் பயல் காலண்டர் பார்க்காமல் தட்டைப் பார்த்துக் கிழமை சொல்கிறான்.

இதைப் போன வீடியோவில் சொன்னதற்கு ஒருத்தர் கீழே வந்து, "ஓசிச் சோறுதானே, அதில் என்ன அளவு, என்ன சத்து" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஐயா, அளவு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். அதோடு அந்தந்த ஊரில் கிடைக்கிற காய்கறி. சமைத்த பிறகு தட்டில் 150 முதல் 200 கிராம் இருக்க வேண்டும், சாம்பார் 100 மில்லி. சரி, 50 கிராம் ரவை நிஜமாகவே 200 கிராம் ஆகிறதா? ஒரு பிள்ளைக்குக் கிண்டினால் அடிப்பிடிக்கும் என்பதால் மூன்று பிள்ளைக்கு, 150 கிராம் ரவை.

நம் வீட்டில் தராசு கிடையாது. எனக்குத் தெரிந்த அளவு டம்ளர், ஆழாக்கு, "கண்ணு போதும்டி" என்கிற அம்மாவின் கண். ஆகவே சமையல் தராசு ஒன்றை ஆர்டர் போட்டேன். 449 ரூபாய். வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் சும்மா திறந்து பார்த்தால் அதே தராசு 379. எழுபது ரூபாய் மக்களே! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? சரி, போகட்டும். போகவில்லை, இன்னும் மனசில்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே பேட்டரி இல்லை. ஓரத்தில் எறும்பு எழுத்தில் "பேட்டரி தனி" என்று போட்டிருக்கிறான். ராத்திரி ஒன்பதரைக்கு எங்கே போவது? அப்பாவின் டிவி ரிமோட்டில் இருந்து இரண்டைக் கழற்றினேன். இது அப்பாவுக்குத் தெரியாது. வீடியோ பார்க்கிற சித்தப்பாமார்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அப்புறம் பருப்பு. ரவை சமர்த்தாக நின்றது. துவரம்பருப்பை ஓரோர் சிட்டிகையாகப் போட்டால் முள் அசையவே இல்லை. முள் ஏது, எண்தான். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போகிறேன், கிண்ணத்தில் ஒரு கைப்பிடி சேர்ந்துவிட்டது, அது இன்னும் பூஜ்யம் காட்டுகிறது. தராசு கெட்டுப்போச்சு, 449 ரூபாய் போச்சு என்று கத்தினேன். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய்ப் புலம்பினால் அவர் சிரிக்கிறார். "மெதுவாப் போட்டா அதுக்குத் தெரியாதும்மா. மொத்தமாக் கொட்டிட்டு, கூடினதை அள்ளு." அவ்வளவுதான் விஷயம்! கொட்டினேன், 58 காட்டியது, அள்ளி அள்ளி 45-க்குக் கொண்டுவந்தேன். மூன்று பதினைந்து நாற்பத்தைந்து. உங்களுக்கு இது ஒன்றுமில்லாமல் தெரியலாம். நான் சமையலறையில் ஆடினேன். அந்தக் காட்சியை வெட்டிவிட்டேன்.

கிண்டியாச்சு. கேரட், பீன்ஸ், தக்காளி, வெங்காயம் எல்லாம் போட்டது. தராசில் வைத்தால் 586 கிராம். மூன்றால் வகுத்தால் தட்டுக்கு 195. ஓசிச் சோறு என்று எழுதினவரே, பாருங்கள், கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். எட்டு வயசுப் பிள்ளையின் வயிற்றுக்கு இது தாராளம். ருசி? சாம்பார் தயவில் சாப்பிடலாம். சாம்பார் இல்லாமல் எனக்கு இறங்காது, அந்தக் கட்சியில் நான் மாறவில்லை.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். கிராமத்துப் பள்ளிகளில் இதைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். யார் யோசித்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு. சொந்தப் பிள்ளை சாப்பிடுகிற சாம்பாரில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

வீட்டில் ஒரு தட்டு அப்பாவுக்குப் போனது. அவர் 1982-ல் தென்காசிப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் நாலாவது. அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அப்பா அலுமினியத் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாராம், ஓடும்போது அது சிலேட்டில் இடித்துச் சத்தம் போடுமாம். அப்போது பள்ளிகளில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1984 ஜூனில் ஆறாவதுக்குப் போனதும் சோறு நின்றுவிட்டது. "மூணு மாசம்" என்றார் அப்பா. கிச்சடித் தட்டைப் பார்த்தபடி சொன்னார். அந்த செப்டம்பரில் பெரிய வகுப்புகளுக்கும் நீட்டிய பிறகுதான் மறுபடி தட்டை எடுத்தாராம். முட்டை? அது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்ததே 1989-ல், இவர் பத்தாவது எழுதி முடித்த வருஷம். இப்போது பொடியனுக்கு வாரத்துக்கு ஐந்து முட்டை. "எனக்கு வரவேண்டியதையும் சேர்த்து அவன் திங்கான்" என்று அதற்கு ஒரு சிரிப்பு.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரே எரிச்சல். ஏனென்றால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மத்தியானச் சத்துணவு பத்தாவது வரை உண்டு, காலையில் மட்டும் ஆறாவதுப் பிள்ளைக்குப் பசிக்காதா? எட்டாவது வரை இருக்கிற நடுநிலைப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஒரே வாசல், ஒரே மைதானம். தம்பி பொங்கல் சாப்பிட, அக்கா பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 1984-ல் இரண்டே வருஷத்தில் அடைத்த ஓட்டை இது. இப்போது மூன்று வருஷம் தாண்டிவிட்டது. திட்டத்தை நான் எவ்வளவு கொண்டாடினாலும் இந்த இடத்தில் கோபம் வருகிறது, வரத்தான் செய்யும்.

மூன்றாவது தட்டைப் பொடியனுக்கு டப்பாவில் கொடுத்துவிட்டேன். அக்கா இப்போதுதான் போன் செய்தாள். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு வியாழக்கிழமை, இதை ஏன் சித்தி செஞ்சா?" என்று கேட்டானாம். ஆனாலும் காலி பண்ணிவிட்டான்.

இருங்கள், ஹாலில் அப்பா ரிமோட்டைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. பேட்டரி இன்னும் தராசில்தான் இருக்கிறது. வருகிறேன்.