கான்கிரீட் போடும் முன் சோலாருக்கு இடம் பாருங்கள்

(காட்சி: தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், பாதி கட்டிய வீட்டின் மொட்டை மாடி)

வணக்கம். "சோலார் எல்லாம் கிரகப்பிரவேசம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று புது வீடு கட்டுகிற பலரும் சொல்கிறார்கள். பேனலை அப்புறம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது உட்காரும் இடத்தை பிளான் வரையும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மதுரைப் பக்கம் 1,200 சதுர அடி மனையில் கட்டும் வீடு ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் உள்ள குடும்பத்துக்கு 3 கிலோவாட் பெரும்பாலும் போதும். 540 வாட் பேனல் ஆறு. நடந்துபோய்த் துடைக்க வழியும் சேர்த்து சுமார் 300 சதுர அடி வேண்டும். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கும்.

(காட்சி: மாடியின் மேல்பார்வைப் படம். தென்மேற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதன் நிழல் நகர்கிறது)

இப்போது நிழலைப் பாருங்கள். நம் ஊரில் வாஸ்து பார்த்து கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் தொட்டியை வைப்போம். மாடிப்படிக்கு மேலே எழுப்பும் சின்ன அறையான ஹெட்ரூமும் அங்கேயே வரும், அதன் தலைமேல் தொட்டி. டிசம்பரில் மதுரையில் உச்சி வெயிலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். 10 அடி உயரப் பொருளின் நிழல் அப்போது வடக்கே ஆறரை அடி விழும். மூன்று மணிக்கு அதுவே சுமார் 13 அடியாகி வடகிழக்கே நீளும். அந்த நிழலில்தான் பலர் பேனலை வைக்கிறார்கள்! பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், ஓரத்தில் மட்டும் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே படுத்துவிடும்.

தொட்டியை மாற்ற மனம் வரவில்லையா? சரி, பேனல் ஸ்டாண்டை எட்டு அடி உயர்த்துங்கள். தொட்டிக்கும் பேனலுக்கும் உயர வித்தியாசம் குறையக் குறைய நிழலும் சுருங்கும். கீழே துணி காயப்போடலாம், வடகம் பிழியலாம். பேனல் தெற்கு பார்த்து 10 டிகிரி அளவு சாய்ந்திருந்தால் போதும்.

உயர்த்தினால் காற்று பிடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று பேனலைக் கீழே அழுத்துவதோடு நிற்காது, அடியில் புகுந்து மேலே தூக்கவும் செய்யும். அதனால் ஸ்டாண்டின் கால் தூணோடு பிணைந்திருக்க வேண்டும்.

(காட்சி: தூண் கம்பியைச் சுற்றி சிறு கான்கிரீட் மேடை எழுகிறது, பிறகு தட்டு ஓடு பதிக்கிறார்கள்)

இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மாடி கான்கிரீட் போடும்போது, ஸ்டாண்டின் கால் வரும் இடங்களில் தூண் கம்பியை வெட்டாமல் விட்டு, ஓரடி உயரத்துக்குச் சின்ன கான்கிரீட் மேடை எழுப்பச் சொல்லுங்கள். போல்டையும் அதிலேயே புதைத்துவிடலாம். அதன் பிறகுதான் தட்டு ஓடோ கூல் டைல்ஸோ பதிக்க வேண்டும். பதித்து முடித்த மாடியில் துளை போட்டால், அடுத்த ஐப்பசி மழையில் ஹால் சீலிங்கில் ஈரம் கோக்கும். ஒரு நாள் கொத்தனார் வேலையில் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு வெயில் படாத, காற்றோட்டமான சுவர் வேண்டும். எர்த்துக்கு மூன்று குழி: பேனல் பக்கம், இன்வெர்ட்டர் பக்கம், இடிதாங்கி. தூசி கழுவ மாடியில் ஒரு குழாய்.

கரண்ட் போனால் மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண ஆன்கிரிட் சோலாரும் நின்றுவிடும். வெளியே லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பவர்கட்டிலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அதற்கும் இப்போதே இடம் விடுங்கள்.

மானியம்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும்.

(காட்சி: பூசாத சுவரில் பைப்புகள், பக்கத்தில் விரித்த அளவு டேப்)

கடைசியாக, மாடியிலிருந்து மீட்டர் பலகை வரை சோலார் வயருக்கென்றே தனியாக இரண்டு பைப் இறக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முந்தின நாள், அளவு டேப்பை விரித்துப் பிடித்து அந்தச் சுவரை போனில் படம் எடுத்து வையுங்கள்; பைப் எங்கே ஓடுகிறது என்று பின்னால் தெரியும்.