மேட்டூர்க் குழாயை நம்பிய ஊர்

அம்மாபேட்டையிலிருந்தும் கொண்டலாம்பட்டியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்ததுமே, "இது எத்தனை நாளைக்குத் தாங்கும்" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதே கேள்வியை ஊரைப் பார்த்துக் கேட்கிறேன். மேட்டூரிலிருந்து நமக்குக் குடிநீர் கொண்டு வருகிற குழாய் இன்று ராத்திரி உடைந்தால் சேலம் எத்தனை நாள் தாங்கும்?

தெருமுனை மேல்நிலைத் தொட்டியைக் காட்டாதீர்கள். அது பகிர்ந்து கொடுப்பதற்கான தொட்டி, ஏற்றிய தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நான் பேசுவது, சுத்திகரிப்பதற்கு முன்னால் ஊருக்குப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் தேக்கி வைக்கிற தண்ணீரைப் பற்றி.

"மேட்டூர் அணையே இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நிறைந்தால் 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர். பத்து லட்சம் பேருக்கு, நகரத் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 13.5 கோடி லிட்டர். ஒரே ஒரு டி.எம்.சி. 200 நாளுக்கு மேல் வரும்! ஆக, நம் ஆபத்து காவிரியில் மட்டும் இல்லை. இடையில் கிடக்கிற சுமார் 50 கிலோமீட்டர் குழாயிலும், மோட்டாரிலும், மின்சாரத்திலும் இருக்கிறது. பொக்லைன் பல் ஒன்று குழாயில் பட்டால் போதும். எங்கள் தெருவில் ஒருமுறை எட்டு நாள் தண்ணீர் வரவில்லை. பிள்ளை பெற்று வந்த மகளை வீட்டில் வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றேன். அந்த எட்டு நாளை நான் மறக்கவில்லை.

நம் முன்னோர் இதை யோசித்திருக்கிறார்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதற்கும் முன்பே, 1911இல், சேலத்தின் குடிநீருக்கென்றே பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டினார்கள். ஜருகுமலையும் போதமலையும் கொடுத்த தண்ணீர் அது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அந்த ஏரி, மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் கவனிப்பாரற்று, சீமைக் கருவேலங்காடாக மண்டியது.

இனி என் கணக்கைக் கேளுங்கள். முப்பது நாள் கையிருப்புக்கு 405 கோடி லிட்டர் வேண்டும். இரண்டாயிரம் ஏக்கரிலும் பரப்பினால் அரை மீட்டர்தான் நிற்கும். நம் வெயில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் குடித்துவிடும். பங்குனி, சித்திரை தாண்டாது. அதே தண்ணீர் 200 ஏக்கரில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு நின்றால், வெயிலுக்குப் போகிற பங்கு பத்தில் ஒன்றாகக் குறையும். எனவே ஏரி முழுவதையும் தோண்டச் சொல்லவில்லை. உள்ளே ஆழமான ஒரு மடு போதும். மழை பொய்க்கிற ஆண்டில், மேட்டூரில் உபரி போகும்போதே குழாய் வழியாக அதை நிரப்பிக்கொள்ளலாம். மற்ற பரப்பு கிராமத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக இருக்கட்டும். அவர்கள் பங்கைப் பிடுங்கி நாம் குடிக்கக் கூடாது.

மூக்கனேரியைச் சொல்வார்கள். சேர்வராயன் மலைத் தண்ணீர் வருகிற அருமையான ஏரிதான். ஆனால் சாக்கடை கலப்பது நிற்காதவரை அது நிலத்தடி நீருக்குத்தான் ஆகும், குடிக்க ஆகாது.

முதல் வேலை பெரிய செலவில்லாதது. ஜருகுமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எங்கெங்கே அடைபட்டிருக்கின்றன என்று நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால். வருகிற ஞாயிறு காலை பனமரத்துப்பட்டி பஸ்ஸில் போகிறேன். கூட வருகிறவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். கருவேல முள் பொல்லாதது.