பாம்புக்குள் இருந்தது யார்?

வணக்கம் நேயர்களே. ஏதேன் தோட்டம் என்றதும் பாம்பு வேடத்தில் வந்த சாத்தான்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறான். சரி, வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சாத்தான் என்ற சொல்லே அங்கே கிடையாது. தேவன் உண்டாக்கின காட்டு ஜீவன்களில் மிகுந்த தந்திரமுள்ளது என்றுதான் பாம்பு அறிமுகமாகிறது. அதுவும் ஒரு படைப்புதான்.

எபிரேய மூலத்தில் இந்த இடம் இன்னும் அழகு. முந்தின வசனத்தில் மனிதர் இருவரும் 'அரூமிம்', அதாவது நிர்வாணிகள். அடுத்த வசனத்திலேயே பாம்பு 'அரூம்', தந்திரமுள்ளது. ஒரே ஓசையில் இரண்டையும் கோத்துவிட்டார் எழுதியவர். மொழிபெயர்ப்பில் இது தொலைந்துபோவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்படியானால் சாத்தான் எங்கிருந்து வந்தான்? எபிரேயத்தில் அது எதிராளி என்று பொருள்படும் சாதாரணச் சொல். எண்ணாகமம் 22-இல் பிலேயாம் என்ற குறிசொல்லியின் வழியை மறித்து நிற்கிற கர்த்தருடைய தூதனுக்கே அந்தச் சொல் வருகிறது! யோபின் கதையில் சாத்தான் தேவபுத்திரர் நடுவே வந்து நின்று குற்றம் சாட்டுகிறான். ஆனால் அனுமதி இல்லாமல் யோபைத் தொட முடியாது. அப்புறம், தாவீது ராஜா ஜனங்களைத் தொகையிட்ட, அதாவது கணக்கெடுத்த சம்பவம். 2 சாமுவேல் 24 அதைக் கர்த்தருடைய கோபத்தோடு சேர்த்துச் சொல்கிறது. பிற்பாடு எழுதப்பட்ட 1 நாளாகமம் 21, தாவீதை ஏவியது சாத்தான் என்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு ஜனம் தீமையைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

சாத்தானின் வீழ்ச்சி என்று பலர் வாசிக்கிற, ஏசாயா 14-இல் வானத்திலிருந்து விழும் விடிவெள்ளியும், அந்த இடத்தில், பாபிலோன் ராஜாதான்.

பிசாசின் பொறாமையால் மரணம் உலகில் நுழைந்தது என்று கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'சாலமோனின் ஞானம்' என்ற நூல் சொல்கிறது. வெளிப்படுத்தல் 12-தான் சாத்தானைப் 'பழைய பாம்பு' என்று வெளிப்படையாக அழைக்கிறது. அந்த விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதை முன்கூட்டியே தோட்டத்துக்குள் கொண்டுபோனால், அங்கே நடக்கும் பேச்சு நம் காதில் விழாது. ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். தேவன் ஆதாமிடம் கேள்வி கேட்கிறார், ஏவாளிடமும் கேட்கிறார். பாம்பிடம் மட்டும் எதுவுமே கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த இருவர்தான்.

நன்றி, வணக்கம்.