நிரலுக்குப் பக்கத்தில் இரண்டு வரி

வணக்கம். வானொலியில் கணினி நிரல் பற்றிப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் வாய்விட்டு வாசித்தால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் நிரலைச் சேர்த்துவைப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வலைத்தளம் உருவாக்குகிறவர்கள் பலரிடமும் ஒரு கோப்பு இருக்கும். மெனுவைத் திறந்து மூடச் சில வரிகள், படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்க ஒரு வரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டிவைத்திருப்பார்கள். அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதத்தான் சோம்பல். என்னைக் கேட்டால், நிரலைவிட அந்த இரண்டு வரிதான் முக்கியம்.

வீடியோவை 16:9 விகிதத்தில் நிறுத்த, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பேடிங்-டாப், அதாவது பெட்டிக்குள் மேல்பக்கம் விடும் இடைவெளி, 56.25 சதவீதம் என்று எழுதும் வித்தை பல வருடம் ஓடியது. 9-ஐ 16-ஆல் வகுத்தால் வரும் எண் அது. பேடிங்கைச் சதவீதத்தில் கொடுத்தால், மேல்பக்கத்துக்குக்கூட வெளிப்பெட்டியின் அகலத்தை வைத்துத்தான் பிரவுசர் கணக்கிடும். இந்தக் காரணம் தெரிந்தவர் 4:3 படத்துக்கு 75 என்று தானே மாற்றிக்கொள்வார். தெரியாதவர் அந்த எண்ணைத் தொடவே பயப்படுவார். 2021-இல் ஆஸ்பெக்ட்-ரேஷியோ என்ற பண்பு முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் வந்துசேர்ந்தது. அப்புறம் அந்த வித்தைக்குப் பெரிதாக வேலை இல்லை. குறிப்பு இல்லாத சேகரிப்பில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கும்.

பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இதே கதைதான். ஒரு ஆப்ஜெக்டை, அதாவது பல தகவல்களைச் சேர்த்துவைத்த தொகுப்பை, முழுதாக நகலெடுக்க, அதை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக மாற்றித் திரும்பப் படிக்கும் ஒற்றை வரி பிரபலம். உள்ளே தேதி இருந்தால் அது வெறும் எழுத்துச் சரமாகிவிடும். அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பு தரப்படாதது, என்று இருக்கும் புலம் காணாமலே போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இப்போது ஸ்ட்ரக்சர்டுகுளோன் என்ற வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. தேதியைத் தேதியாகவே வைத்திருக்கும். ஆனால் உள்ளே ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். சரி, பரவாயில்லை, சத்தம் போட்டு உடைவது நல்லதுதான். எங்கே உடையும் என்ற இந்தக் குறிப்பைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

பகிர்வதற்கு, நிரல் துண்டுகளை இணையத்தில் போட்டுவைக்கும் கிட்ஹப் ஜிஸ்ட் என்ற வசதி போதும். திருத்தங்களின் வரலாறும் அதில் இருக்கும். ரகசிய ஜிஸ்ட் என்று போட்டாலும் இணைப்பு கிடைத்தவர் எவரும் படிக்கலாம். ஆகவே பிற சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் ஏபிஐ சாவி, கடவுச்சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது உரிமம். நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பயனர்கள் எழுதுவது கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் வருகிறது. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும். மாற்றிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். எனவே எடுத்த இடத்தின் முகவரியை நிரலின் தலையிலேயே எழுதிவையுங்கள். நீங்களே எழுதிய துண்டு என்றால் எம்ஐடி போன்ற தாராளமான உரிமம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பொதுவில் கிடக்கிறது என்பதாலேயே ஒரு நிரலை யாரும் எடுத்தாள அனுமதி கிடைத்துவிடாது.

நன்றி, வணக்கம்.