அந்த நாளும் நம் தெருமுனையும்

சங்கத் தலைவர் அவர்களே, கல்யாண வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் நாற்காலி அனுப்பிய பந்தல்காரத் தம்பி அவர்களே, மொட்டைமாடியைத் திறந்துவிட்ட மாமி அவர்களே, பெயர் விட்டுப்போன பெரியோர்களே, வணக்கம்.

இப்போது நாம் பார்க்கப்போவது 'அந்த நாள்'. 1954-ல் ஏவிஎம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கியது. வீணை பாலசந்தர் என்றால் தெரியுமே, அவரேதான். மூன்று விஷயம் சொல்கிறேன்: கதை, பாட்டே இல்லாத துணிச்சல், மாருதி ராவின் ஒளிப்பதிவு.

1943 அக்டோபர். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம். அமைதியான தெருவில் ரேடியோ எஞ்சினீயர் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். யார்? சிவாஜி! படம் ஆரம்பித்ததுமே பிணம். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை போலீசுக்கு ஓடுகிறார். துப்பறிய வரும் ஜாவர் சீதாராமனிடம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். முடிவை நான் சொல்லமாட்டேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

நம் தெருவிலும் நடந்ததே! போன ஐப்பசியில், ராத்திரி பன்னிரண்டு மணி. கடைசி வீட்டு மதிலில் ஓர் உருவம். "இரண்டு பேர்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "மூன்று பேர், கறுப்புச் சட்டை" என்றார் அவர் சம்சாரம். மாடிவீட்டுப் பையன், "கையில் கத்தி மின்னுது அங்கிள்" என்றான். நான் விளக்குமாற்றோடு ஓடினேன். அவசரத்துக்கு அதுதான் கிடைத்தது. கிட்டே போனால், நம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்! கல்யாணத்துக்குப் போய்விட்டு, சாவியை மண்டபத்திலேயே மறந்து வந்திருக்கிறார். வேட்டி மதில் கண்ணாடிச் சில்லில் மாட்டிக்கொண்டது. ஒரு கையால் வேட்டி, மறுகையில் எவர்சில்வர் டிபன் கேரியர். அதுதான் கத்தி! இறக்கிவிட்டதும் முதலில் கேட்டார்: "ரசம் சிந்தலையே?" முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுப்பாருங்கள். நான் சொன்னேனே, கண்ணால் காண்பதும் பொய்!

ஏன் பொய்யானது? தெருமுனை விளக்கு எரியவில்லை. இன்றைக்கும் எரியவில்லை. நான் நாலு மனு கொடுத்தாயிற்று. "ஆள் வருவார்" என்கிறார்கள். யார் கண்ணால் கண்டது அந்த ஆளை? சங்கம் இப்போது கேமரா வாங்க வசூல் பண்ணுகிறது. தலைவர் கோபிக்கக் கூடாது, இருட்டில் கேமராவுக்கு என்ன தெரியும்? அதுவும் மூன்று பேர் என்றுதான் சொல்லும். முதலில் பல்பு, அப்புறம் கேமரா.

சரி, புரொஜெக்டர் தம்பி கையைக் காட்டுகிறார். ஒளிப்பதிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மனு சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கே சுண்டல். வார்டு உறுப்பினர் அவர்களே, பேனா என்னிடம் இருக்கிறது.