"எனக்கு ஒண்ணும் இல்லை" என்பவரை வெளியே உட்காரவையுங்கள்

வணக்கம் நேயர்களே.

ரக்பி, ஐஸ் ஹாக்கி, கபடி, கால்பந்து... ஆளோடு ஆள் மோதுகிற எந்த ஆட்டமானாலும், தலையில் அடிபட்டு விழுந்தவர் எழுந்ததும் பெரும்பாலும் சொல்வது, "எனக்கு ஒண்ணும் இல்லை." அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அப்படித்தான் தோன்றும். தனக்கு என்ன ஆயிற்று என்று எடைபோட வேண்டிய மூளைதானே அடிபட்டிருக்கிறது? அதனால் ஆட்டத்தைத் தொடரும் முடிவை அவரிடம் விடவே கூடாது.

மூளை மிகவும் மிருதுவானது. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சடாரென்று திரும்பினால் மண்டை முதலில் திரும்பிவிடுகிறது, மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. அந்த முறுக்கில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. இதைச் சரிசெய்ய மூளைக்கு ஏராளமான சக்தி தேவைப்படும் நேரத்தில், ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. இதுதான் கன்கஷன். கெட்டுப்போவது மூளையின் இயக்கம் என்பதால் சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்றால் ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை என்று மட்டுமே பொருள். ஹெல்மெட்டும் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே நடக்கும் முறுக்கை அதனால் நிறுத்த முடியாது.

மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே நினைவிழக்கிறார்கள். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்பவர் கண்ணால் பார்க்க வேண்டியவை வேறு. விழும்போது கையை ஊன்றாமல் கட்டைபோல் சாய்ந்தாரா? விழுந்தபின் கை விறைத்து அந்தரத்தில் நிற்கிறதா? எழுந்து நடக்கையில் கால் பின்னுகிறதா? எதிரணிப் பக்கம் போய் நிற்கிறாரா? இவற்றில் ஒன்றைக் கண்டாலே போதும், வெளியே கூப்பிட்டுவிடுங்கள். கேள்வி கேட்டுச் சோதிக்கத் தேவையே இல்லை.

சந்தேகமாக இருந்தால் கேளுங்கள். ஆனால் "உன் பேர் என்ன?" என்று கேட்பதில் பயனில்லை. கன்கஷன் ஆனவரும் அதைச் சரியாகச் சொல்லிவிடுவார். மருத்துவர்கள் பயன்படுத்தும் மேடாக்ஸ் கேள்விகள் அண்மை நினைவைத் தொடுகின்றன. இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு ஆடினாய்? அதில் ஜெயித்தோமா? ஒன்றில் தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னார் என்பதற்காக உள்ளே அனுப்பவும் கூடாது. தலைவலி, தலைசுற்றல், கண் கூசுதல், மந்தமாக இருப்பது என்று ஏதாவது இருந்தால் வெளியேதான்.

உயர்மட்ட ரக்பியில் 12 நிமிடச் சோதனைக்குப் பின் ஆட்டக்காரரைத் திருப்பி அனுப்புகிறார்களே என்று கேட்கலாம். அங்கே அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவரும் வீடியோவும் உண்டு. மற்ற மைதானங்களில் அந்த வசதி இல்லை.

அடிபட்டபின் தொடர்ந்து ஆடியவர்கள் குணமாக ஏறத்தாழ இரட்டிப்பு நாட்கள் ஆகின்றன. அதைவிடக் கொடியது, முதல் அடி ஆறும் முன் விழும் இரண்டாவது அடி. அரிதாக நடப்பதுதான், ஆனால் மூளை வீங்கி உயிரே போகலாம், பதின்வயதினருக்கு முக்கியமாக. 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் முதல் பாதியில் தலையில் அடிபட்டு, இரண்டாம் பாதியில் மீண்டும் ஆடி, ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். பிழைத்தான், ஆனால் நிரந்தர ஊனத்தோடு. அவன் பெயரிலேயே 2009-இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. மருத்துவரீதியான எழுத்து அனுமதி இல்லாமல் அடிபட்ட சிறுவர்கள் களத்துக்குத் திரும்ப முடியாது. அவனை வெளியே உட்காரவைக்க அன்று ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கழுத்து வலி, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது. இவை இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். அது வரும்வரை ஆளை அசைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இவை இல்லாவிட்டாலும் முதல் சில மணி நேரம் தனியாக விடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் வேண்டாம். ரத்தக்கசிவு இருந்தால் அவை மோசமாக்கிவிடும்.

திரும்பி வருவதற்கும் படிகள் உண்டு. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டும் என்ற பழைய யோசனையை இப்போது யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குள் நடமாடலாம், கைப்பேசித் திரையை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடை, நிலைமிதிவண்டி. அடுத்து, மோதலுக்கு வழியே இல்லாமல் தனியாக ஓட்டம். அறிகுறிகள் முழுதும் நீங்கியபின் அணியோடு, மோதலில்லாத பயிற்சி. அதன்பின் மருத்துவர் அனுமதி தந்தால் மட்டுமே மோதலுள்ள பயிற்சி, கடைசியாக ஆட்டம். படிக்குப் படி குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். அறிகுறி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். அணியோடு பயிற்சிக்குத் திரும்பும் நான்காவது படியில் கவனமாக இருங்கள். முக்கியமான ஆட்டம் நெருங்கினால் தலைவலியைச் சிலர் மறைத்துவிடலாம்.

பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாரத்தில் சரியாகும், சிறுவர்களுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். சாதாரண நிலை ரக்பியில் அடிபட்டவர் 21-ஆம் நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டுதல். ஆகவே பயிற்சியாளர்களே, அடிபட்ட அன்றே அடுத்த வார அணிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, அதை அவரிடமும் வீட்டாரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.