வந்தியின் பங்குக் கரை

(ஆவணி மூலத்தன்று, மதுரையை அடுத்த ஊர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, புட்டுத்தோப்பிலிருந்து பிரசாதத்தோடு வந்திருக்கும் சிவாச்சாரியார் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

தெய்வம் எப்போது இறங்கி வரும், எந்த வேடத்தில் வரும், யாருக்காக வரும் என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

திருவாதவூரரான மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்தினான் பாண்டியன், வைகை பொங்கிவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு பங்குக் கரை என்று அளந்து விட்டான். பிட்டு அவித்துப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு. அவளுக்குப் பிள்ளை உண்டா, பேரன் உண்டா? சொக்கநாதா என்று அழுதாள். அழுக்குத் துணியை வரிந்து கட்டி, தலையில் சும்மாடும் தோளில் மண்வெட்டியுமாக ஒருவன் வந்து நின்றான்!

“கூலி என்ன தருவாய், பாட்டி?”

“பிட்டுத்தான் அப்பா.”

“உதிர்ந்ததை மட்டும் கொடு, போதும்.”

அன்றைக்குப் பார்த்து அவித்ததெல்லாம் உதிர்ந்தது. வயிறார உண்டான். கூடையை ஆற்றில் விட்டு நீந்திப் பிடித்தான். ஆடினான், பாடினான், மர நிழலில் உறங்கினான். எல்லார் பங்கும் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. பாண்டியன் பிரம்பை ஓங்கினான். அடி யார் மேல் விழுந்தது? அடித்தவன் முதுகில், அரசியின் முதுகில், கருவில் இருந்த குழந்தையின் முதுகில்! கூலிக்கு வந்தவன் ஒரு கூடை மண்ணைக் கொட்டினான், கரை உயர்ந்தது, ஆளைக் காணோம்.

திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களில் இது 61ஆவது. இதில் நான் தொட்டுக் கும்பிடுவது எதைத் தெரியுமா? கூலியாளாக வந்த சொக்கநாதன் வைகையை ஒரு நொடியில் வற்றடித்திருக்கலாம், அவன் செய்யவில்லை. ஊரார் தத்தம் பங்கை அடைக்க விட்டுவிட்டு, ஆளில்லாத கிழவியின் பங்குக்கு மட்டும் ஆளாக வந்தான். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்!

வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊராரே கூடிக் கண்மாயையும் கரையையும் பழுது பார்க்கும் அந்த முறைதான் குடிமராமத்து. 1858இல் வெள்ளையர் அதைக் கட்டாய உழைப்புச் சட்டம் ஆக்கினார்கள். பெயரிலேயே பழுது வந்துவிட்டது என்பேன்.

நம் கண்மாயைப் பாருங்கள். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. மடைவாயில் சீமைக் கருவேலம். வருண ஜபத்துக்கு நன்கொடை கேட்டார்கள்; மனமாரக் கொடுத்தேன். பெய்கிற மழையை எங்கே தேக்குவது என்றும் கேட்டேன்.

ஐப்பசி நெருங்குகிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வடக்கு மடையில் கூடுவோம். தனியாக வாழும் பாட்டிமார் எட்டுப் பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் பங்கு என்னுடையது. மற்ற ஏழு பேருக்கு யார் வருகிறீர்கள்? இப்போதே கை தூக்குங்கள், எழுதிக்கொள்கிறேன்.